ஸ்கோர் ஏறுகிறது, மாத்திரை மறக்கிறது

கேள்வி: என் கணவருக்கு வயது 39. ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். ஒன்பது மாதம் முன்பு பைக்கிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி. பன்னிரண்டு நாள் ஐசியூவில் இருந்தார். இப்போது நடக்கிறார், பேசுகிறார். பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் கவனம் நிற்பதில்லை, சொன்னது மறந்துபோகிறது, சாயங்காலமானால் சுள்ளென்று கோபம் வருகிறது. தம்பி சொன்னார் என்று நான்கு மாதமாக ஆன்லைனில் மூளைப் பயிற்சி விளையாட்டுகள் ஆடுகிறார். தினமும் மூன்று, நான்கு மணி நேரம். ஆரம்பத்தில் தடுமாறியவர் இப்போது லெவல் லெவலாகத் தாண்டுகிறார். ஆனால் காலை மாத்திரையை நான் சொல்லாவிட்டால் போடுவதில்லை. குழாயைத் திறந்துவிட்டு வந்துவிடுகிறார். "ஸ்கோரைப் பாருங்க அண்ணி, அண்ணன் தேறிட்டாரு, வேலைக்கு அனுப்பலாம்" என்கிறார் கொழுந்தனார். இலவசப் பகுதி முடிந்து, வருடச் சந்தா கட்டச் சொல்கிறது ஆப். கட்டலாமா? இதனால் மூளை குணமாகுமா? அலாரம் வைத்துப் பழக்கினால் மூளை சோம்பேறியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கண் ஸ்கோரைத் தாண்டிக் குழாயில்தான் போய் நின்றது. லெவல் தாண்டுகிற அதே மனிதர்தான் குழாயைத் திறந்துவிட்டு வருகிறார். இரண்டும் எப்படி ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்று நீங்கள் குழம்புகிறீர்கள். கொழுந்தனார் குழம்பவில்லை, ஸ்கோரை நம்பிவிட்டார். தலைக்காயம் பட்டவர்களோடு பல வருடமாக வேலை செய்கிற நரம்பியல் உளவியலாளராகச் சொல்கிறேன்: இரண்டுமே உண்மைதான். விளையாட்டில் அவர் நிஜமாகவே தேறியிருக்கிறார். மாத்திரையில் தேறவில்லை. ஒன்றில் வந்த தேர்ச்சி இன்னொன்றுக்குத் தானாக நடந்து போகாது.

1980ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டும். அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர். வரிசையாகச் சொல்கிற எண்களில் ஏழு வரைக்கும்தான் அவரால் மாறாமல் திருப்பிச் சொல்ல முடிந்தது. நம்மில் பெரும்பாலோருக்கும் அவ்வளவுதான் முடியும். ஏறக்குறைய 20 மாதம், மொத்தம் 230 மணி நேரத்துக்கு மேல், இதையே பயிற்சி செய்தார். கடைசியில் 79 எண்கள் வரை வந்துவிட்டார். ஞாபகசக்தி பத்து மடங்காகிவிட்டது என்றுதானே நினைப்போம்? அடுத்து எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு எழுத்தோடு நின்றுவிட்டார். விஷயம் என்னவென்றால், அவர் ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறவர். எண்களை ஓட்ட நேரங்களாக மாற்றி அடுக்கி வைத்துக்கொள்ளும் ஓர் உத்தியை அவரே கண்டுபிடித்திருந்தார். எழுத்துகளிடம் அந்த உத்தி பலிக்கவில்லை. அடிபடாத, இளம் வயது மூளைக்கே கதை இப்படி.

சரி, உங்கள் கணவர் விஷயத்துக்கு வருவோம். ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டைப் பாருங்கள். அவரை விட்டுவிட்டு, அந்த ஆப் என்னென்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள். நேரமானதும் அதுவே மணி அடித்துக் கூப்பிடுகிறது. என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியில் சொல்கிறது. ஒரு நேரத்தில் ஒரே வேலை கொடுக்கிறது. தப்பு செய்தால் உடனே சிவப்பு, சரியாகச் செய்தால் பச்சை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்தில் முடிந்தும்விடுகிறது. முடிந்ததும் கைதட்டல்.

இப்போது காலை மாத்திரையைப் பாருங்கள். எட்டு மணி ஆகிவிட்டது என்று அவருக்கே தோன்ற வேண்டும். செய்துகொண்டிருப்பதை நிறுத்த வேண்டும். டப்பா இருக்கும் அறைக்குப் போக வேண்டும். போகிற வழியில் ஃபோன் அடித்தால், பேசி முடித்துவிட்டு, எதற்காக எழுந்தோம் என்பதைத் திரும்பவும் பிடிக்க வேண்டும். எந்த மாத்திரை, எத்தனை என்று பார்க்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து, போட்டோமா இல்லையா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தப்பாகப் போட்டால் சிவப்பு விளக்கு எரியாது. போட்டால் யாரும் கைதட்டவும் மாட்டார்கள்.

ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவது, நடுவில் விட்டதைத் தொடர்வது, முடிந்ததா என்று சரிபார்ப்பது, இவற்றில் பெரும் பங்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மடலுக்கு. விளையாடும்போது அந்த வேலையை ஆப் எடுத்துக்கொள்கிறது. ஆக, அடிபட்ட இடத்துக்கு அந்த மூன்று மணி நேரமும் லீவு.

அடி ஏன் அந்த இடத்தில் விழுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். மண்டையோட்டின் உள்பக்கம் எல்லா இடத்திலும் வழவழப்பாக இருக்காது. முன்மடலின் அடியிலும், காதுக்கு முன்பக்கம் இருக்கிற பக்கமடலின் நுனியிலும் எலும்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். வேகமாகப் போய்க்கொண்டிருந்த தலை சட்டென்று நிற்கும்போது மூளை அந்த எலும்பில் மோதி உரசுகிறது. தலை சுழன்ற வேகத்தில், மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கிற நீண்ட நரம்பிழைகளும் இழுபட்டுச் சேதமாகின்றன. இந்தச் சேதம் சாதாரண ஸ்கேனில் முழுதாகத் தெரியாமலும் போகலாம். கை கால் தேறிய பிறகும் கவனம், வேகம், திட்டமிடல், கோபத்தை அடக்குவது எல்லாம் பின்தங்கி நிற்பதற்கு இதுதான் காரணம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனாலேயே வீட்டில் இருப்பவர்கள் பாடு அதிகம்.

சரி, இந்த விளையாட்டுகளை யாராவது முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். 2010ல் நேச்சர் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 11,430 பேர் ஆறு வாரம் ஆன்லைனில் பயிற்சி செய்தார்கள். பயிற்சி செய்த விளையாட்டுகளில் எல்லோரும் முன்னேறினார்கள். அதே திறமை தேவைப்படும் வேறு சோதனைகளில் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. அவர்கள் பொதுமக்கள், ஆறு வாரமும் குறைவு என்று ஆட்சேபம் எழுந்தது. அதில் நியாயமும் உண்டு. 2014ல் விஞ்ஞானிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அறிக்கைப் போரே நடத்தினார்கள். 'விளம்பரம் சொல்வதற்கு ஆதாரம் இல்லை' என்று சுமார் 70 பேர் கையெழுத்திட்டார்கள். 'இருக்கிறது' என்று நூறு பேருக்கு மேல் பதில் கையெழுத்து போட்டார்கள். 2016ல் ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பரிசீலித்த ஒரு நீண்ட கட்டுரை வந்தது. பயிற்சி செய்த வேலையில் முன்னேற்றம் நிச்சயம், அதை ஒட்டிய வேலைகளில் கொஞ்சம், அன்றாட வாழ்க்கையில் முன்னேற்றம் என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு என்று அது முடித்தது. என் அனுபவமும் இதே பக்கம்தான் சாய்கிறது.

அதே 2016 ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. லுமோசிட்டி என்ற பிரபலமான விளையாட்டுத் தளத்தை நடத்துகிற நிறுவனம், விளம்பரத்தில் மிகைப்படுத்திச் சொன்னதாக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் 20 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. ஆதாரம் இல்லாமல் சொல்லப்பட்டதாக ஆணையம் குறிப்பிட்டவற்றில், தலைக்காயத்தால் வரும் சிந்தனைக் குறைபாடு குறையும் என்பதும் ஒன்று.

தலைக்காயம் பட்டவர்களிடமே செய்த நல்ல ஆய்வும் இருக்கிறது, அதை மறைத்தால் தப்பு. 2021ல் வெளியானது. லேசான தலைக்காயத்துக்குப் பிறகும் கவனக்குறைவு, மறதி என்று அவதிப்பட்ட 83 ராணுவத்தினரும் முன்னாள் ராணுவத்தினரும் கலந்துகொண்டார்கள். ஒரு பாதிக்கு மூளைப் பயிற்சி, மறு பாதிக்குச் சாதாரண கம்ப்யூட்டர் விளையாட்டு. தினம் ஒரு மணி நேரம், வாரம் ஐந்து நாள், 13 வாரம். சிந்தனைத் திறன் சோதனைகளில் பயிற்சிக் குழு முந்தியது. ஆக, ஒரு பலனும் இல்லை என்று கையை உதறிவிட முடியாது. ஆனால் மூன்றைக் கவனியுங்கள். அது லேசான காயம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான். வீட்டிலிருந்தே விளையாடினாலும், தூரத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் அவர்களைக் கண்காணித்துக்கொண்டே இருந்தார். தனியாக ஓர் ஆளும் ஒரு ஃபோனும் என்கிற நிலை அங்கே இல்லை.

தலைக்காய மறுவாழ்வுக்கென்று பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிடும் இன்காக் வழிகாட்டுதல்களும் இதையே சொல்கின்றன. வாழ்க்கையோடு தொடர்பில்லாத கம்ப்யூட்டர் பயிற்சியை மட்டும் நம்பிக் கவனத்தை வளர்க்க முயல வேண்டாம் என்பது அவர்கள் பரிந்துரை. ஞாபகத்துக்கு அந்த மாதிரிப் பயிற்சி கொடுத்தாலும், பலன் நிரூபணமான மற்ற உத்திகளோடு சேர்த்தே கொடுக்கச் சொல்கிறார்கள்.

அதற்காக இன்றைக்கே ஃபோனைப் பிடுங்கிவிடாதீர்கள். விபத்துக்குப் பிறகு அந்த மனிதர் எத்தனை விஷயத்தில் தோற்றிருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். வேலை போயிற்று. வண்டிச் சாவியை வாங்கி வைத்திருப்பீர்கள். மாத்திரைக்குக்கூட இன்னொருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு நாளில் அவர் ஜெயிக்கிற ஒரே இடம் அந்தத் திரைதான். அதைப் பிடுங்கினால் அவருக்கு என்ன மிஞ்சும்? நேரத்தைக் குறையுங்கள், ஆடும் விதத்தை மாற்றுங்கள், அது போதும்.

முதலில் நேரம். அடிபட்ட மூளை சீக்கிரம் களைக்கும். நாம் யோசிக்காமல் செய்கிற வேலையை அது முக்கி முக்கிச் செய்கிறது. மூன்று, நான்கு மணி நேரம் அதற்கு மிக அதிகம். சாயங்காலம் சுள்ளென்று கோபம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை விளையாடுகிறார், கோபம் எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். இரண்டுக்கும் தொடர்பு இருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. காலையில் தலை தெளிவாக இருக்கும்போது 15 அல்லது 20 நிமிடம். அப்புறம் அரை மணி நேரமாவது திரையே இல்லாத ஓய்வு. வேண்டுமானால் மதியத்துக்கு முன் இன்னொரு 20 நிமிடம். தலைவலி வந்த பிறகு நிறுத்துவது தாமதம். அதற்கு முன்பே அடையாளம் தெரியும்: கண்ணைக் கசக்குவார், சுலபமான இடத்தில் தப்பு செய்வார், பதில் ஒற்றைச் சொல்லாகிவிடும். அங்கே நிறுத்துங்கள். படுக்கப் போகும் முன் விளையாட்டு வேண்டவே வேண்டாம். கெட்டுப்போன தூக்கத்தை எந்த விளையாட்டும் ஈடுகட்டாது.

விபத்துக்குப் பிறகு வலிப்பு வந்திருந்தால், பளிச் பளிச்சென்று மின்னும் விளையாட்டுகளை ஆடலாமா என்று டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போதுதான் தலையில் அடிபட்டது, மூளை அதிர்ச்சி என்று டாக்டர் சொன்னார் என்றால், முதல் இரண்டு நாள் மூளைப் பயிற்சியும் வேண்டாம், வேறு திரையும் முடிந்தவரை வேண்டாம். 12 முதல் 25 வயதுக்காரர்களிடம் செய்து 2021ல் வெளியான ஆய்வில், முதல் 48 மணி நேரம் திரையை ஒதுக்கியவர்களுக்குத் தொந்தரவுகள் மூன்றரை நாளில் அடங்கின; பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எட்டு நாள் ஆயிற்று.

அடுத்தது விளையாடும் விதம். இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். தினம் ஒரு தடவையாவது பக்கத்தில் உட்காருங்கள். தொடங்குவதற்கு முன் கேளுங்கள்: "இந்தத் தடவை எவ்வளவு வரும்னு நினைக்கிறீங்க?" அவர் சொல்கிற எண்ணை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆடி முடித்ததும் வந்த எண்ணைப் பக்கத்தில் எழுதட்டும். சின்ன விஷயமாகத் தோன்றும். முன்மடல் அடிபட்டவர்கள் பலருக்குத் தங்கள் குறை தங்களுக்கே தெரியாது. பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அதை உணர வேண்டிய இடமும் சேர்த்துத்தான் அடிபட்டிருக்கிறது. 'எனக்கு ஒன்றுமில்லை' என்பவரிடம் வாதாடிப் பயனில்லை. அவரே எழுதிய இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வாதாட ஆளே வேண்டாம். நாளாக நாளாக இரண்டு எண்ணும் நெருங்கி வருவதை நான் ஸ்கோரைவிடப் பெரிய முன்னேற்றமாக எடுத்துக்கொள்வேன்.

ஆடி முடித்ததும் இன்னொரு கேள்வி: "எப்படிச் செஞ்சீங்க?" முதலில் தோளைக் குலுக்குவார். விடாமல் கேட்டால், "படத்தை எல்லாம் வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்பது போல ஏதாவது வரும். நமக்கு வேண்டியது அதுதான். விளையாட்டில் வந்த தேர்ச்சி வீட்டு வேலைக்குத் தானாக நடந்து போகாது என்பதால், அந்த உத்தியை அன்றைக்கே கையோடு குழாய்க்கு எடுத்துப் போங்கள். குழாயைத் திறந்தவுடன் "குழாய் திறந்திருக்கு" என்று சத்தமாகச் சொல்லட்டும். வாளி நிறையும் வரை ஒரு கை குழாய் மேலேயே இருக்கட்டும். மூடிவிட்டு "மூடியாச்சு" என்று சொல்லட்டும். முதல் வாரம் சத்தமாக, அப்புறம் முணுமுணுப்பாக, அப்புறம் மனசுக்குள். பார்ப்பவர்கள் சிரிக்கலாம், சிரிக்கட்டும். செய்வதை வாயால் சொல்லிக்கொண்டே செய்வதும், நடுவில் நிறுத்தி 'நான் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன்?' என்று தன்னையே கேட்பதும் மறுவாழ்வு சிகிச்சையில் நாங்கள் கற்றுத்தருகிற முறைகள்தான்.

விளையாட்டிலிருந்து மிச்சமான இரண்டு மணி நேரத்தை அவருடைய பழைய தொழிலுக்குக் கொடுங்கள். அவர் ஸ்டோர் கீப்பர். இது அதிர்ஷ்டம் என்றே சொல்வேன், ஏனென்றால் வீட்டிலேயே ஒரு குட்டிக் கிடங்கு நடத்தலாம். ஒரு அலமாரியை அவர் பொறுப்பில் விடுங்கள். தினமும் என்ன இருக்கிறது, எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். நீங்கள் நடுவில் இரண்டு பொருளை எடுத்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டு வைப்பீர்கள். அவர் கணக்கில் கழிக்க வேண்டும். மறுநாள் கணக்கும் அலமாரியும் ஒத்துப்போகிறதா என்று அவரே சரிபார்க்க வேண்டும். முதல் வாரம் கதவைச் சாத்தி, சத்தம் இல்லாத அறையில், பத்து சாமானோடு. அது பழகியதும் பக்கத்தில் ரேடியோ பாடட்டும். அதுவும் பழகியதும், நடுவில் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசிவிட்டு அனுப்புங்கள்; விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாரா என்று பாருங்கள். கூப்பிட்ட உடனே எழுந்து வராமல், எந்த வரியில் நிற்கிறோம் என்று ஒரு புள்ளி வைத்துவிட்டு வரச் சொல்லிக்கொடுங்கள். இதற்கும் லெவல் உண்டு, பார்த்தீர்களா? ஆனால் இந்த லெவல் ஏறினால் வேலையும் கூடவே வரும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "நேத்து சொன்னேனே, ஞாபகம் இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க" என்று பரீட்சை வைப்பதை விட்டுவிடுங்கள். எல்லா வீட்டிலும் இது நடக்கிறது, அக்கறையில்தான் நடக்கிறது. ஞாபகம் பலமாக அடிபட்டவர்கள் ஊகித்துத் தப்பாகச் சொன்னால், அந்தத் தப்பே மனதில் பதிந்துவிடும். புதிதாக எதையாவது கற்றுக்கொடுக்கும்போது சரியான பதிலை நீங்களே முதலில் சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொல்லட்டும். ஒரு நிமிடம் கழித்து, அப்புறம் மூன்று நிமிடம், அப்புறம் பத்து நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்பக் கேளுங்கள். தடுமாறினால் காக்க வைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அலாரம் மூளையைச் சோம்பேறியாக்குமா? இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிற ஆய்வே உண்டு. 2001ல் இங்கிலாந்தில் வெளியானது. ஞாபகமும் திட்டமிடலும் பாதிக்கப்பட்ட 143 பேர். ஸ்மார்ட்ஃபோன் வராத காலம் என்பதால் ஆளுக்கொரு பேஜர் கொடுத்து, மருந்து நேரம், செய்ய வேண்டிய வேலை எல்லாவற்றையும் செய்தியாக அனுப்பினார்கள். கடைசி வரை இருந்தவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள், பேஜர் இல்லாத நாட்களைவிட வேலைகளைத் தெளிவாக அதிகம் முடித்தார்கள். பேஜரைத் திரும்ப வாங்கி ஏழு வாரம் கழித்துப் பார்த்தபோதும், அவர்களில் பெரும்பாலோர் முன்னேற்றத்தைத் தக்கவைத்திருந்தார்கள். சோம்பேறியாகியிருந்தால் பேஜர் போனதும் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டுமே!

ஆக, இன்றைக்கே அலாரம் வையுங்கள். வெறும் மணியோசை போதாது, எதற்கு அடித்தது என்று மறந்துவிடும். திரையில் 'மாத்திரை, நீல டப்பா' என்று வரட்டும். போட்ட பிறகுதான் அலாரத்தை அணைக்க வேண்டும் என்பது விதி. அணைத்துவிட்டுப் போடலாம் என்று எழுந்தால் நடுவில் தொலைந்துவிடும். கிழமை போட்ட மாத்திரை டப்பா ஒன்று இருந்தால், போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்துக்கும் அதுவே பதில். வலிப்பு மாத்திரையாக இருந்தால் தவறவிடுவது ஆபத்து. அலாரம் பழகும் வரை நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தா கட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கம்: இப்போது வேண்டாம். தினம் இருபது, நாற்பது நிமிடத்துக்கு இலவச விளையாட்டுகளே ஏராளம். சீட்டுக்கட்டும் சதுரங்கமும்கூடப் போதும், எதிரில் ஓர் ஆள் இருப்பது கூடுதல் லாபம். அந்தப் பணத்தை ஆக்குபேஷனல் தெரபிஸ்டையோ (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிற சிகிச்சையாளர்) நரம்பியல் உளவியலாளரையோ நான்கு தடவை பார்க்க வையுங்கள். வருடச் சந்தாவில் கிடைக்காதது அங்கே கிடைக்கும், உங்கள் வீட்டுக் குழாயைப் பற்றிப் பேச ஓர் ஆள்.

கொழுந்தனாரின் ஸ்கோர் வாதத்துக்கு வருகிறேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அண்ணன் மேல் உள்ள பாசம். 1991ல் லண்டனில் டிம் ஷாலிஸ், பால் பர்ஜெஸ் என்ற இரண்டு நரம்பியல் உளவியலாளர்கள் முன்மடலில் அடிபட்ட மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். மேசையில் உட்கார வைத்துச் செய்த அறிவுத்திறன் சோதனைகளில் மூவரும் நன்றாகவே மதிப்பெண் வாங்கியவர்கள். அவர்களைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போய், சில சாமான் வாங்கு, சில தகவல் விசாரித்து எழுது, இன்ன விதிகளை மீறாதே என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அங்கே திணறினார்கள். சொன்னதை விட்டார்கள், விதியை மீறினார்கள். அமைதியான அறையில், ஒருவர் எதிரில் இருந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும்போது வந்த திறமை தெருவில் வரவில்லை.

உங்கள் கொழுந்தனாரையே இதற்குப் பயன்படுத்துங்கள். அண்ணனுக்கு ஐந்து சின்ன வேலைகள் எழுதிக் கொடுக்கட்டும்: ஒன்று வாங்க வேண்டும், ஒருவரிடம் விசாரிக்க வேண்டும், குறிப்பிட்ட நேரத்தில் ஒரு ஃபோன் செய்ய வேண்டும், இப்படி. பத்தடி பின்னால் நடந்து வரட்டும். உதவக் கூடாது, ஆபத்து இருந்தால் மட்டும் குறுக்கிட வேண்டும். எத்தனை முடிந்தது என்று அவரே பார்க்கட்டும். ஸ்கோரைப் பற்றி உங்களிடம் வாதாட மாட்டார்.

வேலைக்கு அனுப்புவதை விளையாட்டு ஸ்கோரை வைத்தோ என் பதிலை வைத்தோ முடிவு செய்ய வேண்டாம். நேரில் சோதித்துப் பார்த்தவர்கள் சொல்லட்டும். போகும்போதும் முழு நாளாகத் தொடங்க வேண்டாம். அரை நாள், ஒரு பிரிவு, பக்கத்தில் விவரம் தெரிந்த ஒரு சக ஊழியர் என்று தொடங்குவதே தாக்குப்பிடிக்கும். வண்டி ஓட்டுவதற்கும் இதே கண்டிப்பு. டாக்டர் எழுதிக் கொடுக்கும் வரை சாவி உங்களிடமே இருக்கட்டும். ஒன்பது மாதம் ஆகிவிட்டதே, இனி முன்னேற்றம் இருக்காதோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். முதல் ஆறு மாதத்தில் வேகம் அதிகம், அது உண்மை. ஆனால் இரண்டாவது வருடத்திலும் அதற்குப் பிறகும் தேறுகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். முக்கியமாக, இப்படி உத்திகள் பழகியவர்களை.

தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் புதிதாகப் பலவீனம், இவற்றில் ஏதாவது வந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். கோபம் மட்டுமில்லாமல் அவர் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்கிற மாதிரிப் பேசினாலோ, அதையும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். தலைக்காயத்துக்குப் பிறகு மனச்சோர்வு பலருக்கு வருகிறது, அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. மூன்று, நான்கு மணி நேரம் திரைக்குள்ளேயே ஒருவர் இருப்பது சில சமயம் அதன் அறிகுறியாகவும் இருக்கும்.

ஸ்கோரை ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன் இல்லையா? அதில் இன்னொரு பக்கம் ஒதுக்குங்கள். நான்கு வாரத்துக்கு மூன்றே மூன்று கோடு: நீங்கள் சொல்லாமல் மாத்திரை போட்டாரா, குழாயை மூடினாரா, அலமாரிக் கணக்கு ஒத்துப்போனதா. ஆம் என்றால் டிக், இல்லையென்றால் காலியாக விடுங்கள், பெருக்கல் குறி போட வேண்டாம், அவர் பார்ப்பார். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஃபோனில் இருக்கிற ஸ்கோரைக் காட்டுவதற்கு முன் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். முதல் வாரம் அந்தப் பக்கம் முக்கால்வாசி காலியாகத்தான் இருக்கும், அதற்காக எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள்.